யாருடைய தேவை? ஆஸ்திரேலியத் தொழில் தீர்ப்பாயங்களும் குறைந்தபட்ச ஊதிய நிர்ணயமும் (1907–2025)

ஆய்வுச் சுருக்கம்

குறைந்த ஊதியம் பெறும் தொழிலாளர்களின் ஊதிய உயர்வைத் தீர்ப்பாயத்தின் வழியே முடிவுசெய்யும் முறை ஆஸ்திரேலியாவில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலவி வருகிறது. தொழிலாளியின் தேவை, தொழிலின் தாங்குதிறன் ஆகிய இரண்டுக்கும் இடையிலான இழுபறியாகவே இம்முறையின் வரலாறு பெரும்பாலும் எழுதப்பட்டுள்ளது. தேவையை அளந்த தீர்ப்பாயங்கள் யாருடைய தேவையை அளந்தன என்ற வினாவை இக்கட்டுரை முன்வைக்கிறது. 1907ஆம் ஆண்டின் ஹார்வெஸ்டர் தீர்ப்பு முதல் 2025ஆம் ஆண்டின் மதிப்பாய்வு வரையிலான முதன்மையான முடிவுகளை ஆராய்ந்து, விலைவாசிக் கணக்கைப் போலவே தீர்ப்பாயம் மனத்தில் கொண்டிருந்த தொழிலாளியின் உருவமும் ஊதியத்தின் அளவைத் தீர்மானித்தது என்பதை நிறுவ முயல்கிறது. ஹார்வெஸ்டர் கோட்பாடு இந்திய ஊதியத் தீர்ப்புகளில் பெற்ற இடமும் இறுதியில் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குறைந்தபட்ச ஊதியம், வாழ்வூதியம், தொழில் தீர்ப்பாயம், ஹார்வெஸ்டர் தீர்ப்பு, தாங்குதிறன், சம ஊதியம், ஆஸ்திரேலியா.

முன்னுரை

கூலி என்பது கொடுப்பவரும் பெறுபவரும் பேசி முடிக்கும் விலை என்ற கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுவாக வேரூன்றியிருந்தது. அக்கருத்தின்படி, பசித்த ஒருவர் எவ்வளவு குறைந்த கூலிக்கு இசைந்தாலும் அந்த இசைவு செல்லும். இதனை மறுத்து, கூலிக்கு ஒரு கீழ்வரம்பு உண்டு, அவ்வரம்பை நடுநிலையான ஒரு மன்றம் சான்றுகளைக் கேட்டு வரையறுக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டை மிக முன்னதாகவே நாடளாவிய சட்டமாக்கிய நாடுகளுள் ஆஸ்திரேலியா ஒன்று.

மன்றம் ஒன்று ஊதியத்தை முடிவுசெய்கிறது என்றால் அதன் முன் சில வினாக்கள் எழுகின்றன. ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு தேவை? அவரைச் சார்ந்தோர் எத்தனை பேர்? தேவையைத் தொழிலால் தாங்க முடியாவிட்டால் எது விட்டுக்கொடுக்க வேண்டும்? இவ்வினாக்களுக்குக் கிடைத்த விடைகள் காலந்தோறும் மாறின. அவற்றைத் தொடர்ந்து நோக்கும்போது, கணக்கின் தொடக்கத்திலேயே யாரைத் தொழிலாளி என்று கொள்வது என்ற முடிவு பொதிந்திருந்ததை உணரலாம்.

நடுவர் மன்றத்தின் தோற்றம்

1890ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் வேலைநிறுத்தமும், 1891, 1894ஆம் ஆண்டுகளில் ஆட்டு மயிர் கத்தரிப்போர் நடத்திய வேலைநிறுத்தங்களும் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களை உலுக்கின. அவற்றில் தொழிற்சங்கங்கள் தோல்வியுற்றன. வேலைநிறுத்தத்துக்கும் கதவடைப்புக்கும் மாற்றாகச் சட்டத்தின் துணையுடன் இணக்கம் காணும் வழி வேண்டும் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது. 1901இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி அரசமைப்பு, ஒரு மாநில எல்லையைக் கடந்த தொழில் தகராறுகளை இணக்கம், நடுவர் தீர்ப்பு ஆகிய வழிகளில் தீர்ப்பதற்கான சட்டம் இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு வழங்கியது. அதன்படி 1904இல் இயற்றப்பட்ட சட்டம் இணக்க, நடுவர் நீதிமன்றத்தை நிறுவியது. ஆர். ஈ. ஓ'கானர் அதன் முதல் தலைவர். 1907இல் அப்பொறுப்பை ஏற்ற நீதிபதி ஹென்றி போர்ன்ஸ் ஹிக்கின்ஸ் 1921 வரை பணியாற்றி, ஊதிய நிர்ணயத்தின் அடிப்படைக் கோட்பாடுகளை வகுத்தார்.

சன்ஷைன் தொழிற்சாலையும் ஏழு ஷில்லிங்கும்

ஹிக்கின்ஸின் புகழ்பெற்ற தீர்ப்பு தொழில் தகராறு ஒன்றிலிருந்து பிறக்கவில்லை. ஒரு வரிச் சட்டத்திலிருந்து பிறந்தது. உள்நாட்டில் வேளாண் கருவிகள் செய்யும் நிறுவனங்கள் நியாயமான ஊதியம் வழங்கினால் அவற்றுக்கு உற்பத்தி வரியிலிருந்து விலக்கு உண்டு என 1906ஆம் ஆண்டின் சட்டம் கூறியது. அறுவடை இயந்திரங்கள் செய்த எச். வி. மெக்கே என்பவர், மெல்போர்ன் அருகே சன்ஷைனில் இருந்த தம் தொழிற்சாலைக்கு அவ்விலக்கைக் கோரினார். நியாயமான ஊதியம் எது என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் இல்லை. எனவே அவ்விளக்கத்தை அளிக்கும் பொறுப்பு நீதிபதியிடம் வந்தது.

1907 நவம்பர் 8 அன்று வழங்கிய தீர்ப்பில், நாகரிகச் சமுதாயத்தில் மனிதராக வாழும் சராசரித் தொழிலாளியின் இயல்பான தேவைகளே நியாய ஊதியத்தின் அளவுகோல் என்று ஹிக்கின்ஸ் கொண்டார். பேரம் பேசி வந்த கூலியே நியாயமான கூலி என்றால் சட்டம் இயற்ற வேண்டிய தேவையே இருந்திராது என்பது அவருடைய வாதம். தேவையை அறிய அவர் தொழிலாளர்களின் மனைவியர் உள்ளிட்டோரின் சாட்சியத்தைக் கேட்டார். ஏறத்தாழ ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு வாடகை, மளிகை, ரொட்டி, இறைச்சி, பால், எரிபொருள், காய்கறி, பழம் ஆகியவற்றுக்கு மட்டும் வாரத்துக்கு 32 ஷில்லிங் 5 பென்ஸ் செலவாவது அச்சாட்சியத்திலிருந்து தெரிய வந்தது.

மெக்கேயின் தொழிற்சாலையில் திறன் பயிற்சி பெறாத தொழிலாளி நாளொன்றுக்கு 6 ஷில்லிங், அதாவது வாரத்துக்கு 36 ஷில்லிங் பெற்றார். மேற்கண்ட செலவு போக எஞ்சுவது 3 ஷில்லிங் 7 பென்ஸ் மட்டுமே. அத்தொகைக்குள் அடங்க வேண்டியவற்றை ஹிக்கின்ஸ் பட்டியலிட்டார். உடை, காலணி, மரச்சாமான், பாத்திரம், காப்பீடு, சேமிப்பு, வேலையிழப்பு, சங்கச் சந்தா, புத்தகம், செய்தித்தாள், தொடர்வண்டிக் கட்டணம், தையல் இயந்திரம், பள்ளிப் பொருள்கள், பொழுதுபோக்கு, புகையிலை, நோய், இறப்பு என அப்பட்டியல் நீள்கிறது. இவை எதற்கும் சாட்சியத்தில் தனித் தொகை குறிக்கப்படவில்லை. எனினும் இவையின்றி மனித வாழ்க்கை இல்லை என்பதே பட்டியலின் பொருள். நாளொன்றுக்கு 7 ஷில்லிங், வாரத்துக்கு 42 ஷில்லிங் என்பது அவர் கண்ட முடிவு. அந்நாளில் மெல்போர்னில் சில பொது அமைப்புகள் அத்தொகையை ஏற்கெனவே வழங்கி வந்ததையும் அவர் கருத்தில் கொண்டார். ஆகவே 42 ஷில்லிங் என்பது தேவையின் கணக்கும் நிலவிய நடைமுறையும் சேர்ந்து உருவான தொகை எனலாம்.

1908இல் உயர் நீதிமன்றம் அவ்வரிச் சட்டத்தைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மெக்கே அவ்வூதியத்தை வழங்க வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபட்டார். ஆயினும் ஹிக்கின்ஸ் தம் முன் வந்த பிற வழக்குகளில் அதே அளவுகோலைக் கையாண்டார். 1909ஆம் ஆண்டின் ப்ரோக்கன் ஹில் சுரங்க வழக்கில், நிறுவனத்தின் வருவாய் குறைந்தது என்பதற்காக வாழ்வூதியத்தைக் குறைக்க இயலாது என்ற நிலையை மேற்கொண்டார். திறனுக்குரிய கூடுதல் ஊதியம் விவாதத்துக்கு உட்பட்டது. அடிப்படை ஊதியம் அவ்வாறன்று என்பது இதனால் நிலைபெற்றது.

ஐவர் குடும்பமும் அதன் எல்லைகளும்

ஹார்வெஸ்டர் கணக்கின் நடுவில் ஒரு குடும்பம் உள்ளது. உழைக்கும் கணவன், வீட்டில் இருக்கும் மனைவி, மூன்று குழந்தைகள் என்பது அதன் வடிவம். அக்குடும்பத்தின் தேவை ஆணின் ஊதியத்தில் முழுமையாக இடம்பெற்றது. அக்குடும்பத்துக்கு வெளியே நின்றவர்களின் ஊதியத்தைக் குறைக்கும் கருவியாகவும் அதுவே பயன்பட்டது.

1912இல் மில்டூராப் பகுதியின் பழத்தோட்டத் தொழிலாளர் வழக்கில் இது வெளிப்பட்டது. பழம் பறிக்கும் வேலையில் ஆண்களும் பெண்களும் ஈடுபட்டனர். அங்குப் பெண்களுக்குக் குறைந்த கூலி விதித்தால் ஆண்கள் வேலை இழப்பர் என்று கருதி ஹிக்கின்ஸ் ஒரே வீதத்தை விதித்தார். பழங்களைப் பெட்டிகளில் அடுக்கும் வேலையோ பெண்களுக்கு உரியது எனக் கருதப்பட்டது. அதற்குக் குறைந்த வீதமே விதிக்கப்பட்டது. குடும்பத்தைக் காக்கும் சட்டப்படியான கடமை ஆணுக்கு உண்டு, பெண்ணுக்கு இல்லை என்பது கூறப்பட்ட காரணம். 1919இல் ஆடைத் தொழிலாளர் வழக்கில் பெண்ணின் அடிப்படை ஊதியம் தனியாக வகுக்கப்பட்டது. தன்னை மட்டுமே காத்துக்கொள்ளும் தனிப்பெண்ணின் தேவை அதற்கு அளவாயிற்று. அது ஆணின் ஊதியத்தில் ஏறத்தாழ 54 விழுக்காடு ஆகும்.

இவ்வாதத்தில் ஒரு முரண் உண்டு. மணமாகாத ஆணும் குழந்தையற்ற ஆணும் ஐவருக்குரிய ஊதியத்தைப் பெற்றனர். கணவனை இழந்து குழந்தைகளைக் காத்த பெண் ஒருவருக்குரிய ஊதியத்தையே பெற்றார். தேவையே அளவுகோல் என்று கூறப்பட்டபோதும் உண்மையான தேவை தனித்தனியே அளக்கப்படவில்லை. பாலினம் தேவையின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது.

இம்முரணை வேறொரு திசையிலிருந்து வெளிக்கொணர்ந்தது 1919–20ஆம் ஆண்டுகளில் ஏ. பி. பிடிங்டன் தலைமையில் இயங்கிய அடிப்படை ஊதிய விசாரணைக் குழு. ஐவர் குடும்பம் ஓரளவு வசதியுடன் வாழ வாரத்துக்கு 5 பவுண்டு 16 ஷில்லிங் அளவில் தேவை என அது கண்டது. நடப்பில் இருந்த அடிப்படை ஊதியத்தைவிட அத்தொகை மிக உயர்ந்தது. அத்தனை பேருக்கும் அதனை வழங்க நாட்டின் உற்பத்தி போதாது என்று அரசின் புள்ளியியலாளர் கருத்துரைத்தார். ஒவ்வொரு தொழிலாளிக்கும் மூன்று குழந்தைகள் இல்லை. இல்லாத குழந்தைகளுக்கும் சேர்த்து ஊதியம் வழங்குவதற்கு மாற்றாக, ஊதியத்தைக் கணவன் மனைவி இருவருக்கு வகுத்து, குழந்தைகளுக்குத் தனி உதவித்தொகை வழங்கலாம் என்று பிடிங்டன் பரிந்துரைத்தார். நியூ சவுத் வேல்ஸ் 1927இலும் கூட்டாட்சி அரசு 1941இலும் குழந்தை உதவித்தொகையைக் கொண்டுவந்தன. ஊதியத்துக்கும் சமூக நல உதவிக்கும் இடையே எல்லைக்கோடு எங்கே அமைய வேண்டும் என்ற வினா அக்குழுவின் வழியாகவே தெளிவாக எழுந்தது.

தேவையிலிருந்து தாங்குதிறனுக்கு

1907இல் வகுத்த ஊதியம் விலைவாசி உயர உயரத் தன் மதிப்பை இழந்தது. 1921–22ஆம் ஆண்டுகளில் நீதிமன்றம், விலைக் குறியீட்டெண்ணின் அடிப்படையில் காலாண்டுக்கு ஒருமுறை அடிப்படை ஊதியத்தைத் தானாகவே திருத்தும் முறையை ஏற்படுத்தியது. இந்தியத் தொழிலாளர் பஞ்சப்படி என்று அறிந்துள்ள ஏற்பாட்டின் நோக்கத்துக்கு இது நெருக்கமானது. விலை ஏறினால் ஊதியம் ஏறும். விலை இறங்கினால் ஊதியமும் இறங்கும்.

பெருமந்தக் காலத்தில் இக்கோட்பாடு முதன்முறையாகப் பெரிய சோதனைக்கு உள்ளாயிற்று. 1931 ஜனவரியில் நீதிமன்றம் அடிப்படை ஊதியத்தை 10 விழுக்காடு குறைத்தது. விலை வீழ்ச்சியால் ஊதியம் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்த வேளையில் இக்குறைப்பு அதன்மேல் விதிக்கப்பட்டது. நாட்டு வருமானம் சரிந்தது, வேலையின்மை பெருகியது என்பன காரணங்களாகக் கூறப்பட்டன. தொழிலாளியின் தேவை 10 விழுக்காடு குறைந்துவிட்டது என்று எவரும் வாதிடவில்லை. வாழ்வூதியம் தொடப்படலாகாதது என்ற ப்ரோக்கன் ஹில் நிலைப்பாடு இவ்வாறு நடைமுறையில் கைவிடப்பட்டது. 1934இல் அக்குறைப்பு நீக்கப்பட்டபோதிலும், தாங்குதிறன் என்னும் அளவுகோல் நிலைத்துவிட்டது.

கொரியப் போர்க்காலத்தில் கம்பளி விலை ஏற்றத்தைத் தொடர்ந்து பணவீக்கம் பெருகியது. 1953இல் நீதிமன்றம் காலாண்டுத் திருத்த முறையையே நீக்கியது. பொருளாதாரம் தாங்கக்கூடிய உச்ச அளவே அடிப்படை ஊதியம் என்ற கோட்பாடு முழுமையாக ஏற்கப்பட்டது. ஹிக்கின்ஸ் தொழிலாளியின் வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்கினார். 1953ஆம் ஆண்டின் மன்றம் நாட்டுப் பொருளாதாரத்தின் கணக்கிலிருந்து தொடங்கியது. இம்மாற்றத்தில் இழப்பு மட்டுமே இருந்தது எனக் கூற இயலாது. உற்பத்தித்திறன் வளர்ந்தபோது அவ்வளர்ச்சியில் பங்கு கேட்கவும் இக்கோட்பாடு தொழிற்சங்கங்களுக்கு இடமளித்தது. எனினும் தேவை என்பது தனித்து நிற்கும் உரிமையாக இல்லாமல், பிற காரணங்களோடு நிறுக்கப்படும் ஒரு காரணமாயிற்று.

கணக்கில் வராதவர்கள்

தேவையும் தாங்குதிறனும் மோதிக்கொண்ட அதே காலத்தில், கணக்குக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் கோரிக்கைகளும் மன்றத்தை எட்டின. இரண்டாம் உலகப் போரின்போது ஆண்களின் வேலைகளைச் செய்த பெண்களுக்கு, 1942இல் அமைக்கப்பட்ட மகளிர் வேலைவாய்ப்பு வாரியம் பல தொழில்களில் ஆணின் ஊதியத்தில் 90 விழுக்காடு வரை வழங்கியது. 1950இல் பெண்களின் அடிப்படை ஊதியம் ஆண்களின் ஊதியத்தில் 75 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 54, 90, 75 என்னும் எண்களுக்கு இடையே பெண்ணின் உணவோ வாடகையோ இவ்வாறு மாறவில்லை என்பது கருதத்தக்கது.

1956இல் நீதிமன்றத்தின் நடுவர் பணி புதிய ஆணையம் ஒன்றுக்கு மாற்றப்பட்டது. அவ்வாணையம் 1966இல் வயது வந்த ஆண்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை வகுத்தது. 1967இல் அடிப்படை ஊதியத்தையும் திறன் ஊதியத்தையும் இணைத்து ஒரே மொத்த ஊதியமாக்கியது. 1969இல் ஒத்த வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கையை ஏற்றபோதும், வழக்கமாகப் பெண்களே செய்யும் வேலைகளை அதிலிருந்து விலக்கியது. 1972 டிசம்பரில் சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்று கொள்கை விரிவடைந்தது. அப்போதும் ஆண்களின் குறைந்தபட்ச ஊதியத்தைப் பெண்களுக்கு நீட்டிக்க ஆணையம் மறுத்தது. குடும்பத் தேவை அவ்வூதியத்தில் கலந்திருக்கிறது என்பதே அதற்குக் கூறிய காரணம். 1974இல் இத்தடை நீங்கியது. தீர்ப்பாயம் சமூக நல அமைப்பன்று, குடும்பத்தின் அளவைக் கருதி ஊதியத்தை வகுப்பது அதன் பணியன்று என்று கூறி, குறைந்தபட்ச ஊதியத்திலிருந்து குடும்பக் கூறு நீக்கப்பட்டது. பெண்களுக்கும் அவ்வூதியம் படிப்படியாக விரிவாக்கப்பட்டது. 1907ஆம் ஆண்டின் ஐவர் குடும்பம் ஊதியக் கணக்கிலிருந்து வெளியேறியபோதுதான் பெண் தொழிலாளி அதற்குள் முழுமையாக நுழைய முடிந்தது.

பூர்வகுடி மக்களின் நிலை இன்னும் கடுமையானது. வட ஆட்புலத்தின் கால்நடைப் பண்ணைத் தொழிலுக்கான ஊதிய ஆணை, பூர்வகுடித் தொழிலாளர்களை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருந்தது. வட ஆஸ்திரேலியத் தொழிலாளர் சங்கம் அவ்விலக்கை நீக்குமாறு கோரியது. பூர்வகுடித் தொழிலாளரின் உழைப்பு மதிப்புக் குறைந்தது, சம ஊதியம் அவர்களின் வேலையைப் பறிக்கும் என்று பண்ணை உரிமையாளர்கள் வாதிட்டனர். 1966 மார்ச்சில் ஆணையம், ஒரு நாட்டில் ஒரே அளவுகோலே இருக்க வேண்டும் என்று கொண்டு விலக்கை நீக்கியது. பலர் வேலை இழக்கக்கூடும் என்பதை அறிந்தே அம்முடிவை எடுத்தது. ஆயினும் அம்முடிவு 1968 டிசம்பர் 1 அன்றுதான் நடைமுறைக்கு வரும் என்றும் அறிவித்தது. இத்தாமதம் வேலைநிறுத்தங்களுக்கு ஒரு காரணமாயிற்று. 1966 ஆகஸ்டில் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் வேவ் ஹில் பண்ணையிலிருந்து குரிண்ட்ஜி மக்கள் வெளியேறினர். ஊதியக் கோரிக்கையாகத் தொடங்கிய அப்போராட்டம் நில உரிமைப் போராட்டமாக வளர்ந்தது. 1975இல் அவர்களின் நிலத்தில் ஒரு பகுதி திரும்ப அளிக்கப்பட்டது.

சம ஊதியம் நடைமுறைக்கு வந்த பின்னர்ப் பல பூர்வகுடிக் குடும்பங்கள் பண்ணைகளிலிருந்து அகற்றப்பட்டன. ஊதிய உயர்வு வேலையைப் பறிக்கும் என்ற வாதத்துக்குச் சான்றாக இதனைக் காட்டுவோர் உண்டு. தலைமுறைகளாகக் குறைவான கூலிக்கு உழைப்பைப் பெற்று அதன்மீது அமைந்த ஒரு தொழிலின் சுமை, உரிய காலத்தில் இடமாற்ற உதவியோ நிலமோ வழங்கப்படாமல், தொழிலாளர் மீதே விழுந்தது என்பதும் அதே நிகழ்ச்சி தரும் சான்றாகும். ஊதியத்தை உயர்த்தும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. உயர்வின் பின்விளைவைத் தாங்கும் ஏற்பாட்டைச் செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை. இவ்வரம்பை 1966ஆம் ஆண்டின் முடிவு தெளிவாக வெளிப்படுத்துகிறது.

பாதுகாப்பு வலையும் சி-14 வீதமும்

1990களில் நிறுவன அளவிலான ஊதியப் பேச்சுவார்த்தை முதன்மை பெற்றது. பேச்சுவார்த்தையில் இடம்பெற இயலாதோருக்கான பாதுகாப்பு வலையாகத் தீர்ப்பாயத்தின் ஊதிய ஆணைகள் சுருங்கின. 1997இல் தொழிற்சங்கப் பேரவை தொடுத்த வாழ்வூதிய வழக்கில், வாரத்துக்கு 359.40 டாலர் கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியமாக வகுக்கப்பட்டது. உலோகத் தொழில் ஊதிய ஆணையின் மிகக் கீழ்ப்படியான சி-14 வீதமே இவ்வாறு நாட்டின் கீழ்வரம்பாகக் கொள்ளப்பட்டது.

2005இல் இயற்றப்பட்ட சட்டம் ஊதிய நிர்ணயத்தைத் தீர்ப்பாயத்திடமிருந்து எடுத்து, ஆஸ்திரேலிய நியாய ஊதிய ஆணையம் என்னும் புதிய அமைப்பிடம் வழங்கியது. பொருளியலாளர் இயன் ஹார்ப்பர் அதன் தலைவர். பெயரில் நியாயம் இருந்தபோதிலும், ஊதியத்தை வகுப்பதற்கான சட்ட அளவுகோல்களில் அச்சொல் இடம்பெறவில்லை என்று அறிஞர்கள் குறைகூறினர். உலக நிதி நெருக்கடியைச் சுட்டி, 2009இல் வாரத்துக்கு 543.78 டாலர் என்னும் ஊதியத்தில் எந்த உயர்வும் வழங்க அவ்வாணையம் மறுத்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டம் அப்பணியை மீண்டும் தீர்ப்பாயத்திடம் ஒப்படைத்தது. 2010இல் நடந்த முதல் ஆண்டு மதிப்பாய்வு வாரத்துக்கு 26 டாலர் உயர்வை வழங்கியது.

இன்றைய நடைமுறை

ஃபேர் வொர்க் கமிஷன் எனப்படும் இன்றைய ஆணையத்தின் வல்லுநர் குழு ஒவ்வோர் ஆண்டும் ஊதியத்தை மதிப்பாய்வு செய்கிறது. அரசுகள், தொழிற்சங்கங்கள், முதலாளிகள் சங்கங்கள், சமூக அமைப்புகள் ஆகியன எழுத்து வழியே கருத்துரைக்கின்றன. முடிவு பொதுவாக ஜூன் மாதத்தில் வெளியாகி ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. பொருளாதாரத்தின் செயல்பாடும் போட்டித்திறனும், வேலைவாய்ப்பின் வழியான சமூகப் பங்கேற்பு, குறைந்த ஊதியம் பெறுவோரின் ஒப்பீட்டு வாழ்க்கைத்தரமும் தேவைகளும், சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் ஆகியவற்றைக் குழு கருத்தில் கொள்ள வேண்டும் என்பது சட்டம். 2022இல் செய்யப்பட்ட திருத்தம் பாலினச் சமத்துவத்தையும் வெளிப்படையான நோக்கமாகச் சேர்த்தது. இவற்றுள் எதற்கும் சட்டம் முதன்மை அளிக்கவில்லை. எதற்கு எவ்வளவு எடை தருவது என்பது குழுவின் தீர்மானம்.

முழுநேரப் பணியாளர்களின் இடைநிலை ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழ்ப் பெறுவோரைக் குறைந்த ஊதியத்தினர் எனக் குழு கொள்கிறது. தேவைகளை அளக்க வறுமைக்கோட்டுக் கணக்குகளையும் குடும்பச் செலவு ஆய்வுகளையும் நோக்குகிறது. அண்மைய மதிப்பாய்வுகளில் தனித்து வாழும் ஒருவரின் குடும்பமே முதன்மை ஒப்பீட்டளவாக உள்ளது. 1907ஆம் ஆண்டின் ஐவர், பிடிங்டனின் இருவர், இன்றைய ஒருவர் என்று அளவுகோலின் குடும்பம் சுருங்கி வந்ததைக் காணலாம். குழந்தைகளின் தேவை அரசின் உதவித்தொகைக்கு மாறியுள்ளது. அவ்வுதவி போதாதபோது தனிப்பெற்றோர் குடும்பங்கள் அதன் விளைவைச் சுமக்கின்றன.

2023ஆம் ஆண்டின் முடிவு வரலாற்று நோக்கில் தனிக்கவனம் பெறத்தக்கது. ஊதிய ஆணைகளின் வீதங்களை 5.75 விழுக்காடு உயர்த்திய குழு, தேசியக் குறைந்தபட்ச ஊதியத்தைச் சி-14 வீதத்திலிருந்து பிரித்து அதற்கு மேலுள்ள சி-13 வீதத்தோடு இணைத்தது. இதனால் அது மணிக்கு 21.38 டாலரிலிருந்து 23.23 டாலராக, 8.6 விழுக்காடு உயர்ந்தது. சி-14 என்பது புதிதாகச் சேர்ந்தவர் 38 மணி நேரம் வரையிலான அறிமுகப் பயிற்சி பெறும் காலத்துக்கு வகுக்கப்பட்ட இடைக்கால வீதம். ஒரு வார காலத்துக்கென வகுத்த அவ்வீதம் 1997 முதல் 26 ஆண்டுகள் நாட்டின் கீழ்வரம்பாக நீடித்தது. குறைந்த ஊதியத்தினரின் தேவையை ஆராய்ந்து அது வகுக்கப்பட்டதன்று என்பதைக் குழு ஒப்புக்கொண்டது. இக்காலம் முழுவதும் ஆண்டுதோறும் எத்தனை விழுக்காடு உயர்வு என்பதே விவாதமாக இருந்தது. எந்தத் தொகையின்மேல் உயர்வு என்ற வினா எழுப்பப்படாமலே இருந்தது.

தேசியக் குறைந்தபட்ச ஊதியத்தை நேரடியாகப் பெறுவோர் தொழிலாளர்களில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஊதிய ஆணைகளின் வழியே மதிப்பாய்வால் பயனுறுவோர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். அவர்களுள் பெண்களும் பகுதிநேரப் பணியாளரும் மிகுதி. 2025 ஏப்ரலில் வல்லுநர் குழு ஒன்று, மருந்தாளுநர், குழந்தைப் பராமரிப்பாளர், பல் மருத்துவ உதவியாளர் முதலியோரின் வீதங்கள் பாலின அடிப்படையில் குறைத்து மதிப்பிடப்பட்டுள்ளன என்று கண்டது. அதே ஆண்டின் பொது மதிப்பாய்வு 3.5 விழுக்காடு உயர்வை வழங்க, குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலராயிற்று. 1912இல் பழம் அடுக்கிய பெண்களின் வழக்கில் மன்றம் ஏற்ற வேறுபாடு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் முழுமையாக நீங்கவில்லை என்பதை இவ்விரு முடிவுகளும் சேர்ந்து உணர்த்துகின்றன.

இந்தியத் தீர்ப்புகளில் ஹார்வெஸ்டர்

இந்திய உச்ச நீதிமன்றம் 1958இல் எக்ஸ்பிரஸ் செய்தித்தாள் நிறுவன வழக்கில் வாழ்வூதியம், நியாய ஊதியம், குறைந்தபட்ச ஊதியம் ஆகிய மூன்றையும் வேறுபடுத்தி விளக்கியபோது ஹிக்கின்ஸின் வரையறையை எடுத்தாண்டது. அதற்கு முந்தைய ஆண்டு கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியத்துக்கு அளவுகள் வகுத்தது. உழைப்பவர் ஒருவருக்கு மூன்று நுகர்வு அலகுகள், ஆண்டுக்கு நால்வருக்கு 72 கெஜம் துணி, எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு 20 விழுக்காடு என்பன அவற்றுள் சில. ஆணுக்கு 1, பெண்ணுக்கு 0.8, குழந்தைகள் இருவருக்குத் தலா 0.6 என்பதே மூன்று அலகுகளின் வழக்கமான பகுப்பு. பெண்ணின் வருவாயைக் கணக்கில் கொள்ளக்கூடாது என்ற மாநாட்டின் விதி ஊதியத்தை உயர்த்தவே உதவியது. ஆயினும் உழைப்பவர் ஆண் என்ற ஹார்வெஸ்டர் சித்திரம் இங்கும் தொடர்ந்தது.

சென்னையில் எழுந்த ரெப்டகாஸ் பிரெட் நிறுவன வழக்கில், தொழிலாளர் பெற்றுவந்த பஞ்சப்படி முறையைத் தமக்குச் சாதகமாக மாற்றியமைக்க நிர்வாகம் கோரியது. தொழில் தீர்ப்பாயம் அதனை ஏற்றது. 1991இல் உச்ச நீதிமன்றம் அம்முடிவை நீக்கியது. குழந்தைகளின் கல்வி, மருத்துவம், விழாக்கள் உள்ளிட்ட குறைந்தபட்சப் பொழுதுபோக்கு, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்கென மொத்தக் குறைந்தபட்ச ஊதியத்தில் 25 விழுக்காடு அமைய வேண்டும் என்றும் கூறியது. 1907இல் 3 ஷில்லிங் 7 பென்ஸுக்குள் அடங்காது என்று ஹிக்கின்ஸ் பட்டியலிட்ட பொருள்களுக்கு இத்தீர்ப்பில்தான் ஒரு தனி விகிதம் கிடைத்தது.

முடிவுரை

ஆஸ்திரேலியத் தீர்ப்பாயங்களின் வரலாறு மூன்று செய்திகளை முன்வைக்கிறது. முதலாவதாக, தேவை என்ற அளவுகோல் தாங்குதிறனுக்கு முற்றிலும் இடங்கொடுத்து மறையவில்லை. 1931, 1953, 2009ஆம் ஆண்டுகளில் பின்தள்ளப்பட்டும் மீண்டும் திரும்பியுள்ளது. இரண்டாவதாக, அடித்தட்டுத் தொழிலாளர் பெற்ற பெரிய முன்னேற்றங்களுள் பல, விலைவாசிக்கு ஏற்ற ஆண்டு உயர்வுகளால் வந்தவையல்ல. 1966, 1974, 2023ஆம் ஆண்டுகளில் கணக்கின் அடித்தளத்தையே மறுஆய்வு செய்ததால் வந்தவை. மூன்றாவதாக, ஊதியத்தை உயர்த்தும் தீர்ப்பு வேலைப் பாதுகாப்பு, நிலம், குழந்தை உதவித்தொகை போன்ற அரசின் ஏற்பாடுகளோடு இணையாதபோது, யாருக்காக வழங்கப்பட்டதோ அவர்களே அதன் சுமையையும் ஏற்க நேர்கிறது.

எனவே குறைந்தபட்ச ஊதிய முடிவுகளை ஆராய்வோர், அறிவிக்கப்படும் உயர்வு விழுக்காட்டுடன், அவ்வுயர்வு எந்த அடிப்படைத் தொகையின்மேல் வழங்கப்படுகிறது, அத்தொகை எந்தக் குடும்பத்தை எண்ணி வகுக்கப்பட்டது என்பவற்றையும் ஆராய்வது இன்றியமையாதது. இந்தியாவில் மூன்று நுகர்வு அலகுகள் என்னும் அளவு இன்றும் வழக்கில் உள்ளது. பெண்கள் தலைமையேற்ற குடும்பங்களும், முதிய பெற்றோரைக் காக்கும் குடும்பங்களும் அவ்வளவில் எங்கே இடம்பெறுகின்றன என்பது தொடர்ந்து ஆராயப்பட வேண்டிய வினாவாகும்.